வீணைக்கு பிக்கப் தேடிய கதை

இரண்டு வருடங்களுக்கு முன் நவராத்திரியில் இங்கே சிங்கப்பூரில் ஒரு கோயிலில் எனக்கு வீணை வாசிக்க முக்கால் மணி நேரம் கிடைத்தது. ஒலிபெருக்கிக்காரத் தம்பி, பாடுகிறவர்களுக்கு வைக்கும் மைக்கையே ஒரு குட்டை ஸ்டாண்டில் மாட்டி, வீணையின் உருண்டை வயிறான குடத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டுப் போனார். வர்ணத்தில் சரணம் வருவதற்குள் ‘ஊ...’ என்று ஊளை. அவர் சத்தத்தைக் குறைத்தார். ஊளை நின்றது, கூடவே வீணையும் நின்றது. மிருதங்கம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. இறங்கி வந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “விரல் என்ன அழகா ஓடுதும்மா” என்றார். பாவம், அவர் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்!

வீட்டுக்கு வந்து புலம்பினால் மாமனார், “வீணை தனம்மாள் மைக் வெச்சா வாசிச்சாங்க?” என்று கேட்டார். வைக்கவில்லைதான். ஜார்ஜ் டவுனில், தன் வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வாசித்தார். எனக்கு வாய்த்தது இருநூறு நாற்காலி, நான்கு ராட்சச மின்விசிறி, பின்னால் பிரசாத வரிசை.

அப்போதுதான், வீணையின் அதிர்வை நேராக மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். முதலில் மலிவான வழி. ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போய், 27 மில்லிமீட்டர் பித்தளைத் தட்டில் ஒட்டிய பியசோ வில்லைகள் நாலைந்து வாங்கி வந்தோம். அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் சாதாரண வில்லைதான், பஸ்ஸர்களில் இருப்பது. கணவர் கம்பி பற்றவைத்துக் கொடுத்தார். மகனின் கிட்டார் ஆம்ப்பில் சொருகினால் குடமே கூடத்தை நிறைத்தது. இத்தனை சுலபமா என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் சமூக மன்றத்தில் ஒத்திகை. அதே வில்லை, அதே வீணை, மிக்ஸரில் நேராகச் சொருகினோம். தகர டப்பாவில் ரப்பர் பேண்டு கட்டி மீட்டின மாதிரி இருந்தது. கீழ் ஸ்தாயியில் பேசும் மந்தரத் தந்தியைக் காணோம்.

வில்லை கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினேன். அப்போதும் அதே தகரம். மகன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். இந்த வில்லைக்கு ஏறத்தாழ 20 நானோஃபாரட் மின்தேக்கம். மிக்ஸரின் லைன் உள்ளீட்டுக்கு 10 கிலோஓம் தடை. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கிவிடும். என் வீணையின் சுருதி மூன்று கட்டை. முதல் தந்தியான சாரணியே 165 ஹெர்ட்ஸ், ஆகக் கீழே பேசும் அனுமந்தரம் 62. அதாவது நான் வாசிப்பதில் முக்கால்வாசிக்கு வழியே இல்லை. கிட்டார் ஆம்ப்பின் உள்ளீடு 1 மெகாஓம் என்பதால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அது எந்தத் தந்தியையும் தொடாது. பியசோ என்றாலே தகரச் சத்தம் என்று பல வீணைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் பாதிப் பேராவது நேராக மிக்ஸரில் சொருகிக் கேட்டவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நடுவில் காந்த பிக்கப்பையும் விடவில்லை. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீணையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறியதும் ஒரு சீன அங்கிள், “சித்தாரா?” என்றார். கடைக்காரருக்குப் பொறுமை அதிகம். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும், விரல் அழுத்தும் கடைசி மெட்டுக்கும் நடுவில், தந்திகளுக்கு அடியில், தடித்த அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து பிக்கப்பை வைத்தார். ஊளை வரவே இல்லை. காற்றின் அதிர்வை அது கேட்பதில்லை, எஃகுத் தந்தியின் அசைவை மட்டும்தான் பார்க்கும். ஆனால் ஆறு தந்திக்கு அளவெடுத்த காந்தங்கள் என் நாலு தந்திக்கு நேரே வரவில்லை. சாரணி கத்தியது, பஞ்சமம் முனகியது. பக்கவாட்டில் போகும் தாளத் தந்திகள் மூன்றும் அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. எல்லாவற்றையும்விட, வீணையைக் குடைந்த பலா மரத்தின் நாதம் எங்கே போயிற்று? ஒரு நல்ல எலெக்ட்ரிக் கிட்டாரை நான் தரையில் உட்கார்ந்து வாசிப்பது போல் இருந்தது. அதை விரும்பி வாசிக்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. எனக்கு ஒப்பவில்லை.

பிறகு வயலின் வாசிக்கும் தோழி தன் டிபிஏ 4099-ஐ இரவல் தந்தாள். வளைகழுத்து வைத்த குட்டி கண்டென்சர் மைக். மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வர வேண்டும். வயலினுக்கான கிளிப் குடத்தில் எங்கே பிடிக்கும்? ஒரு மேசை ஸ்டாண்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். என் வீணையை நானே முதல்முறை வெளியிலிருந்து கேட்டேன். ஒரே மீட்டில் நாலு சுரம் இழுத்தால் நாலாவது சுரமும் உயிரோடு இருந்தது. நான் தேடியது சத்தத்தை அல்ல, மீட்டுக்குப் பிறகு மிச்சம் இருக்கும் அந்த வாலை என்று அன்றுதான் எனக்கே புரிந்தது. மேடைக்குப் போனால் கதை வேறு. மிருதங்கக்காரர் என் வலப்பக்கம், குடமும் வலப்பக்கம். வீணையைக் கொஞ்சம் ஏற்றினால் மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியும் கூடவே ஏறியது. இந்த மாதிரி சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னாலும் கொஞ்சம் காது கேட்கும். செவிடு எல்லாம் பின்பக்கச் சாய்வில்தான். வாசிக்கிறவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டியை அந்தச் சாய்வுக்குத் தள்ளிவைத்த பிறகு ஊளை குறைந்தது, மிருதங்கம் குறையவில்லை. தனி வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் இன்றைக்கும் இதைத்தான் இரவல் கேட்பேன்.

ஆக, திரும்பவும் பியசோ. இந்த முறை வில்லைக்கும் மிக்ஸருக்கும் நடுவில், இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் ஒரு ப்ரீஆம்ப். எல்.ஆர். பேக்ஸ் பாரா டிஐ ஒன்று, பழைய பொருள் விற்கும் கரோசெல் இணையதளத்தில் கிடைத்தது. ஈசூன் ரயில் நிலைய வாயிலில் ஒரு தேசிய சேவைப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்ஸரின் 48 வோல்ட்டிலும் ஓடும். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் குத்திக் குறைக்க அதில் ஒரு குமிழ் இருக்கிறது. அதற்காகவே வாங்கினேன். என் குடம் கீழ் ஸ்தாயி காந்தாரம் பக்கம் வந்தால் உறுமும். கல்யாணி எடுத்தால் நான் நிற்க விரும்பும் இடமும் அதுதான்! உறுமும்வரை சத்தத்தை ஏற்றி, உறுமல் அடங்கும்வரை குமிழைத் திருகி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கே ஒட்டுவது என்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் மகளை அறைக்குள் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மேல்பலகையில் விரற்கடை விரற்கடையாக வில்லையை நகர்த்தினேன். குதிரையை ஒட்டி வைத்தால் நகம் படும் ‘டக்’தான் முதலில் வருகிறது, சுரம் பின்னால் ஓடி வருகிறது. குடத்தின் விளிம்பில் போர்வைக்குள் வாசித்த மாதிரி. குதிரையிலிருந்து நாலு விரல் தள்ளி, அனுமந்தரப் பக்கம் வந்தபோது உள்ளேயிருந்து, “அம்மா, அதை அங்கேயே விடு” என்று குரல் வந்தது. பதினேழாவது இடம் அது.

ஒட்டியதிலும் பாடம் உண்டு. நீலக் களிமண் போல விற்கும் ஒட்டுப் பசை இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரைமணியில் இளகியது; அது மெத்தென்று இருப்பதால் மேல் சுரங்களையும் விழுங்கியது. இருபக்க டேப் பிடித்தது, ஆனால் உரிக்கும்போது பாலிஷும் வந்தது. கடைசியில் கை கொடுத்தது மேளம் கட்டும், அதாவது வீணையில் மெட்டுகளைப் பதிக்கும் மெழுகு. சென்னையில் மெட்டுகளை மாற்றிக் கட்டியபோது மிச்சம் வந்த உருண்டை டப்பாவில் கிடந்தது. அதை விரலில் சூடாக்கி மெல்லிசாகத் தடவி அழுத்தினால் கச்சேரி முடியும்வரை அசையாது, நகத்தால் நெம்பினால் சுத்தமாக வந்துவிடுகிறது. வெறும் வில்லை 50 ஹெர்ட்ஸில் ரீங்காரமிடும். அதற்குச் செம்பு டேப்பைச் சுற்றி, கம்பியின் வெளிவலையோடு பற்றவைத்தோம்.

போன நவராத்திரியில் அதே கோயில், அதே தம்பி. ப்ரீஆம்ப் டப்பாவைப் பார்த்ததும், “அக்கா, நீங்களே கொண்டுவந்துட்டீங்களா?” என்று சிரித்தார். சத்தத்தை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் சொருகினேன். 48 வோல்ட் ஓடும்போது சொருகினால் மண்டபத்தில் வெடி வெடிக்கும். மிருதங்கம் எங்கோ தனியாகக் கேட்டது, வீணை தனியாக. வர்ணம் முடிந்தது. ஊளை இல்லை.

இரண்டாவது உருப்படியில் எங்கிருந்தோ கிணிங், கிணிங் என்று ஜால்ரா போல ஒரு சத்தம். தம்பி மிக்ஸரைக் குடைகிறார், மிருதங்கக்காரர் என்னைப் பார்க்கிறார். என் வலது கை மேல்பலகையில் படும் இடத்தில் புதுக் கண்ணாடி வளையல், தேக்காவில் அன்று காலைதான் வாங்கியது. பாட்டுக்கு நடுவில் எப்படிக் கழற்ற? முழங்கை வரை ஏற்றிவிட்டு வாசித்தேன்.