வாடிக்குள் இறங்கும் முன்பே லாக்

ஓமானில் நிஸ்வாவில் டிரைவராக இருந்தபோது இரண்டு வண்டிகள் ஓட்டினேன். முதலில் பின் ஆக்ஸிலில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் வழுக்கினால் அடுத்ததற்கும் இழுவை கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) உள்ள ஹைலக்ஸ். அப்புறம் முன்னும் பின்னும் டிஃப் லாக், அதாவது ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் வசதி, உள்ள லேண்ட் குரூசர் பிக்கப். எது நல்லது என்று ஊர்த் தம்பிகள் கேட்கிறார்கள்.

ஹைலக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். சரளை மலைப்பாதையில் ஒரு சக்கரம் வழுக்கினால், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் இறுகி அடுத்த சக்கரத்தையும் இழுக்க வைக்கும். நாம் எதையும் தொட வேண்டாம். மணலிலும் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினாலே பெரும்பாலும் போதும்.

மாட்டிக்கொண்டது வாடியில். காட்டாற்றுப் படுகையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முன் வலது சக்கரம் பாறையில் ஏறியதும் பின் வலது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது மட்டும் சுற்றுகிறது, தரையில் இருந்த இடது சக்கரம் அசையவில்லை. சுற்றுகிற சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்க ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகுதான் வண்டி முக்கி முக்கி ஏறியது.

அன்று மாலை அந்தச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றினேன். கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றியது. நல்ல எல்எஸ்டி அப்படிச் சுலபமாகச் சுற்றவே கூடாது, பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் எல்எஸ்டி ஆயிலுக்குப் பதில் சாதா கியர் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். திருப்பங்களில் பின்பக்கம் கடகடவென்று அதிரும். நானும் கவனிக்காமல் ஓட்டினேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

லேண்ட் குரூசரில் டேஷ்போர்டில் ஒரு திருகு. முதல் திருப்பில் பின் லாக், அடுத்ததில் முன்னதும் சேரும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வண்டியை மெல்ல உருட்டினால் பற்கள் கோத்து, விளக்கு நின்று எரியும். அதற்குப் பிறகு இரண்டு சக்கரமும் ஒரே இரும்புக் கம்பிதான், ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் மற்றது தள்ளும். பாறைக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது போடாதீர்கள், பல் உடையும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிடுங்கள்; வண்டி திரும்ப மறுக்கும், ஆக்ஸில் முறுகும். சாய்ந்த ஈரப் பாதையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கி வால் பள்ளத்துக்குப் போகும், அங்கேயும் வேண்டாம். முன் லாக்கை நான் மொத்தம் மூன்று முறைதான் போட்டிருப்பேன்.

நம் ஊரில் கிடைக்கும் ஜீப்புகளில், ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் லாக்கை நாமே போடலாம். மஹிந்திரா தாரில் சில மாடல்களில் மட்டும் பின்பக்கம் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக் உண்டு, விசாரித்து வாங்குங்கள். ஒரு சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் அது பிடிக்கும். அதனால் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள் தம்பி, டக் என்று கேட்கும் வரை அப்படியே மெதுவாக மிதித்திருங்கள்.