மாங்குளம் லூப்பில் வேறு கம்பனிப் பொயின்ற்

என் மாதிரி றெயில் பாதைப் பலகையை அறையிலிருந்து விறாந்தைக்குத் தூக்கும்போது கதவு நிலையில் இடிபட்டு, வடக்கு முனைப் பொயின்றின் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டின்) நாக்கு, அதாவது வண்டியைத் திருப்பிவிடும் நகரும் தண்டவாளம், கழன்றுபோனது. ஹோர்ன்பி கம்பனி அளவுப் பொயின்ற் அது. லண்டனில் இருக்கும் மச்சானிடம் "இடப்பக்கப் பொயின்ற் ஒன்று" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் கொடுத்தனுப்பியது பீக்கோ கம்பனியின் ஸ்ட்ரீம்லைன் வகை: நடுத்தர வளைவு, கோட் 75 (கோட் என்பது தண்டவாள உயரக் கணக்கு), எலெக்ட்ரோஃப்ரொக் (நடுத் துண்டிலும் கரண்ட் ஓடும் வகை). கிளிநொச்சியில் இதை மாற்றி எடுக்க ஒரு கடையும் இல்லை. அதே பீக்கோவின் செற்ராக் வகை வந்திருந்தால் ஹோர்ன்பியின் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு.

என் பலகை மாங்குளத்தை நினைத்துச் செய்தது. ஒற்றைப் பாதை, வண்டிகள் விலகிக்கொள்ள ஒரு லூப், ஒரு மேடை. 1990இல் வடக்குப் பாதை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. 2013 செப்ரெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு வண்டி திரும்ப வந்தபோதுதான் எங்கள் வயதுக்காரர் பலர் வீட்டுப் பக்கத்தில் முதன்முதலாக ஒரு றெயிலைப் பார்த்தோம். இந்தப் பலகை எனக்கு அவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் அது.

முதலில் இடித்தது கோணம். பழைய பொயின்ற் 168 மில்லிமீற்றர் நீளம், 438 மில்லிமீற்றர் ஆரை, 22.5 பாகை. புதியது 219 மில்லிமீற்றர், 914 மில்லிமீற்றர் ஆரை, 12 பாகை. நீளத்தில் 51 மில்லிமீற்றர்தானே வித்தியாசம், ஒரு துண்டை வெட்டினால் சரி என்று நினைத்தேன். கடதாசியில் கீறிப் பார்த்ததும்தான் விளங்கியது. பழைய அமைப்பில் பொயின்றும், லூப்பைத் திரும்ப நேராக்கும் திருப்பு வளைவும் சேர்ந்து 336 மில்லிமீற்றருக்குள் லூப்பை மெயின் பாதையிலிருந்து 67 மில்லிமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடும். புதியதில் 438 மில்லிமீற்றர் போயும் 50.8தான் வரும். மிச்ச 16.2ஐ எட்ட, 12 பாகைச் சரிவில் 78 மில்லிமீற்றர் நேர்த் துண்டு ஒன்று இடையில் வேண்டும். அப்படிச் செய்தால் 140 சென்ரிமீற்றர் லூப் 122 ஆகிவிடும். எஞ்சினுக்கும் நான்கு பெட்டிக்கும் 124 வேண்டும். இரண்டு சென்ரிமீற்றரால் ஒரு பெட்டி போகிறது.

இரண்டு இரவு யோசித்தேன். அந்த 67 எதற்கு? இறுக்கமான வளைவில் நீளப் பெட்டிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. என் லூப்போ நேர்ப் பாதை. அங்கே 50.8கூடப் போதும், ஆனால் பெட்டியைக் கையால் எடுக்க விரலுக்கு இடமில்லை. 55 என்று முடிவெடுத்தேன். இடைத்துண்டு 20 மில்லிமீற்றராகச் சுருங்கியது, லூப் 128 ஆனது, நான்கு பெட்டியும் நிற்கும். தெற்கு முனையில் பழைய பொயின்ற்தான், அங்கே மட்டும் 67இலிருந்து 55க்கு வளையும் தண்டவாளத்தால் மெல்ல இறக்கினேன். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது.

உயர வித்தியாசம் சின்ன வேலை. பழைய தண்டவாளம் கோட் 100, அதாவது 2.54 மில்லிமீற்றர்; புதிய பொயின்றின் கோட் 75 என்றால் 1.9. கோட் 100 இணைப்பானின் ஒரு பாதியைக் குறட்டால் தட்டையாக்கி, அதன்மேல் மெல்லிய தண்டவாளத்தை வைத்து ஈயம் பிடித்தேன். பொயின்றின் அடியில் மட்டை வைத்து மேல்மட்டத்தைச் சரிசெய்தேன். உட்பக்க விளிம்பும் நேராக நிற்க வேண்டும், சில்லு உரசுவது அங்கேதான்.

கரண்ட்தான் இரண்டு நாள் தின்றது. வண்டி ஓடும், திடீரென்று கொன்றோலர் நின்றுவிடும். வயர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு குறித்துக்கொண்டு பார்த்ததில் ஒழுங்கு பிடிபட்டது: இரண்டு முனைப் பொயின்றும் ஒரே பாதைக்கு நின்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஒன்று மெயினுக்கும் மற்றது லூப்புக்கும் நின்றால் உடனே சோட் சேர்க்கிட். எலெக்ட்ரோஃப்ரொக்கில் நடுவிலுள்ள வி வடிவத் துண்டும் உலோகம். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கக் கரண்ட் அதற்கு வரும். மறுமுனையிலிருந்து அதே தண்டவாளத்துக்கு எதிர்க் கரண்ட் வந்தால் அங்கே மோதும். வியிலிருந்து போகும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்ரிக் இணைப்பான் போட்டு, அதற்கப்பால் மெயினுக்கும் லூப்புக்கும் தனித்தனி வயர் கொடுத்தேன். சோட் போய்விட்டது.

நாக்கின் தொடுகையை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. இங்கே செம்மண் தூசு ஒரு நாளில் படிந்துவிடும். சைக்கிள் கம்பியொன்றை இழுகோலாக்கி, அது நகரும்போதே ஒரு சிலைட் சுவிச்சும் நகரும்படி பலகைக்கு அடியில் பூட்டினேன். வியின் கரண்ட் இப்போது அந்தச் சுவிச்சால் வருகிறது.

90 வரை றெயில்வேயில் பொயின்ற்ஸ்மனாக இருந்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதலில் அளவுகோலை வைத்தார்.

"எங்கட லைன் இதைவிட அகலமெல்லோ?"

"ஓம் பெரியப்பா. இந்த அளவுக்கு 22 மில்லிமீற்றர் வரவேணும். இது 16.5தான்."

நான் எஞ்சினை எடுத்தபோது தடுத்தார். "எஞ்சினை விடாத தம்பி. முதல் ஒரு பெட்டியக் கையால தள்ளு. எங்க குத்துதெண்டு கை சொல்லும்."

தள்ளினேன். மூன்று பெட்டி வழுக்கிப் போயின. நான்காவது, பழைய பச்சைப் பெட்டி, வியில் ஒரு தரம் துள்ளியது. பெரியப்பா பெட்டியைக் கவிழ்த்துச் சில்லைக் காட்டினார். அளந்தால் இரண்டு சில்லின் உட்பக்கத் தூரம் 14.1 மில்லிமீற்றர். மற்றப் பெட்டிகளில் 14.4. அச்சில் சில்லை மெதுவாக நகர்த்தி 14.4க்குக் கொண்டுவந்ததும் துள்ளல் நின்றது.

பிறகு எஞ்சினைப் பூட்டி நான்கு பெட்டியையும் லூப்புக்குள் விட்டோம். 914 ஆரையில் அது திரும்புகிற மெதுவைப் பார்த்தபின், தெற்கு முனைக்கும் இதே பொயின்ற்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். அங்கேயும் 12 சென்ரிமீற்றர் போகும். லூப்பைக் கிணற்றுப் பக்கமாக நீட்ட, இன்னொரு பலகைத் துண்டுக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். மச்சானுக்கு இந்த முறை அளவு, கோட், ஃப்ரொக் வகை மூன்றையும் எழுதி அனுப்பியாயிற்று.