சூடைக் குவியலும் இரண்டு மியூவான்களும்

நேற்றுப் பின்னேரம் டச்சுபே கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். மணலில் கொட்டியது முழுக்கச் சூடையும் நெத்தலியும்தான். ஒரு அண்ணன் குந்தியிருந்து விரலால் கிளறிக் கிளறி எதையோ தேடினார்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மருமகள் கேட்டாள்: "மாமா, புரோத்தனை மோதவிட்டு அப்படி என்னத்தைத் தேடுறாங்க?"

அந்தக் குவியலைக் காட்டினேன். அந்த அண்ணன் தேடுவது போலத்தான், நிறையக் குவியலுக்குள் அரிதான ஒன்றை.

ஜெனீவா பக்கம் 27 கிலோமீற்றர் சுற்றளவு வளையத்தில் புரோத்தன்கள் மோதும்போது பி-எஸ் மீசோன் என்றொரு துகளும் பிறக்கும். ஆயுள், ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. ஆனால் போகிற வேகத்தில் சில மில்லிமீற்றர் பறந்துவிடும். அந்தச் சின்ன இடைவெளிதான் துப்பு. மோதிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மீசோன் சிதைந்த ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மியூவான்கள், அதாவது இலத்திரனின் கனத்த உறவுக்காரத் துகள்கள், கிளம்ப வேண்டும். மற்றத் துகள்கள் பெரும்பாலும் நின்றுவிடுகிற தடித்த இரும்பையும் மியூவான் கடந்து போகும், அதனால் ஆளை அடையாளம் பிடிக்கலாம்.

நூறு கோடி மீசோன்களில் மூன்றோ நான்கோதான் இப்படிச் சிதையும். அந்த வளையத்தில் மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ், எல்எச்சிபி என்ற ஆய்வுக் குழுக்கள் 2011, 2012 தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, 2015இல் நேச்சர் இதழில் வெளியிட்டன. முடிவு, துகள்கள் பற்றிய பழைய கோட்பாட்டின் கணிப்போடு ஒத்துப்போனது. புதுசாக ஏதும் சிக்கும் என்றிருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அப்ப மிச்ச மோதல்களை என்ன செய்வாங்க?"

"கிட்டத்தட்ட முழுக்க அந்தக் கணமே வீசிடுவாங்க, மிகச் சொற்பம்தான் மிஞ்சும். எல்லாத்தையும் சேமிக்க இடமில்ல."

அவள் முகம் சுளித்தாள். நாங்கள் அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு வந்தோம்.