என் மூளையைப் பற்றி நான் சொன்ன இரண்டு தவறான பதில்கள்

வலிப்பு நோய்க்கு நான் உட்கொண்டுவந்த மருந்து போதாமல் டோபிரமேட்டையும் சேர்த்தபோது, பேசும்போது சொற்கள் கிடைக்காமல் போகலாம், கவனித்துச் சொல்லுங்கள் என்று நரம்பியல் மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால், சொல்லில் குறை நேர்ந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவன் நானாகவே இருப்பேன் என்று உறுதியாக நம்பினேன். இரண்டாம் மாதம் அவர் கேட்டபோது, எந்தத் தடுமாற்றமும் இல்லை என்றேன். மறைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

உடன் வந்திருந்த மகள்தான் தயங்கித் தயங்கி முந்தைய வாரம் நடந்ததைச் சொன்னாள். மேசைமேல் இருந்த கத்தரிக்கோலைக் காட்டி, "அந்த... தாள் நறுக்குறது, அதை எடும்மா" என்று கேட்டிருக்கிறேன். "கத்தரிக்கோலாப்பா?" என்று கேட்டு அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. நான் தடுமாறும் இடங்களில் வீட்டார் எல்லோரும் என் வாக்கியங்களை முடித்துவைக்கப் பழகியிருந்தார்கள். அதனால்தான் சரளமாகப் பேசுவதாக எனக்குத் தோன்றியிருக்கிறது.

நரம்பு உளவியலாளர் என்னைச் சோதித்தார். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து 93, 86, 79, 72, 65 என்று தடையின்றிச் சொன்னேன். 'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னபோது, கல், கடல், கதவு என்று தொடங்கி ஏழோடு நின்றுவிட்டேன். நாளெல்லாம் சொற்களோடு வாழ்பவனுக்கு அந்த மௌனம் மிக நீண்டதாக இருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் சிலர் தங்கள் கை அசையாததையே அறியாமல் இருப்பதற்கு 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 'அனோசோக்னோசியா' என்று பெயர் சூட்டினார். என் நிலை அத்தனை கடுமையானதன்று என்றாலும், குறையை உணரவேண்டிய மூளையே குறைபட்டிருக்கலாம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டோபிரமேட்டைப் படிப்படியாகக் குறைத்து, தோலில் தடிப்பு வராதபடி லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்தை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம் என்பதால் நானாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கவில்லை.

அதன்பின் நேர்ந்ததுதான் என்னை அதிகம் வாட்டியது. ஆறு மாதம் கழித்து, என் அறிவே மழுங்கிவிட்டது என்று எனக்குத் தீர்மானமாகத் தோன்றியது. வைத்த இடம் மறந்த சாவி, படித்தும் மனத்தில் நிற்காத பத்தி என ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினேன். சோதனை முடிவோ என் வயதுக்கும் படிப்புக்கும் உரிய அளவிலேயே இருந்தது. நான் அதை நம்பவில்லை. அப்போதுதான் கடந்த இரண்டு வாரங்களின் மனநிலை பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தந்தார்கள்; அது மனச்சோர்வைக் காட்டியது. மறதி என்று நான் எழுதியவற்றில் பெரும்பாலானவை, மனம் வேறெங்கோ இருந்ததால் முதலிலேயே பதியாதவை என்று உளவியலாளர் ஒவ்வொரு வரியாக எடுத்து விளக்கினார். தன் நினைவாற்றலைப் பற்றி ஒருவர் சொல்லும் புகார், பல வேளைகளில் சோதனை மதிப்பெண்ணைவிட மனநிலையையே நெருக்கமாக ஒத்துப்போகும் என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் நானும் மகளும் தனித்தனியே குறிப்பெழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மருத்துவரிடம் கொடுக்கிறோம். சென்ற முறை என் குறிப்பு ஒரு பக்கம் நீண்டது, அவளுடையது இரண்டே வரி. முன்பே பழகிய எழுத்தாக இருக்கக்கூடாது என்று அன்று 'ப'வைக் கொடுத்தார்கள். பதினான்கு சொற்கள் சொன்னேன்.