இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பக்கம் வர நினைக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு: நான் வந்த வழி

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, "இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகணும்னா இப்பவே எந்த ஷேர் வாங்கலாம்?" என்பதுதான். ஆர்வம் நல்லது. ஆனால் ஷேர் வாங்கி விற்பதற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. பள்ளியிலேயே பழக வேண்டியது ஒரு கம்பெனியை எப்படிப் படிப்பது என்பதைத்தான். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஸ்டேட் போர்டு காமர்ஸ் குரூப் எடுத்து, சிஏ முடித்து, சென்னையில் சில வருடம் வேல்யுவேஷன் (ஒரு கம்பெனியின் மதிப்பைக் கணக்கிடும்) வேலை பார்த்து, பிறகு மும்பையில் ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் சேர்ந்தவன். வீட்டிலோ தெருவிலோ இந்தத் துறையில் யாரும் கிடையாது. அதனால் கேட்கவும் ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனி ஐபிஓ (முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) கொண்டுவருகிறது, இன்னொரு கம்பெனியை வாங்குகிறது, தன் பிரிவு ஒன்றை விற்கிறது என்றால் நடுவில் இருந்து அதை நடத்திக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். இந்தியாவில் ஐபிஓ நடத்த, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் மெர்ச்சன்ட் பேங்கராகப் பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனி செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணத்தை டிஆர்எச்பி என்போம், பல நூறு பக்கம் இருக்கும். அதில் ஓரிடத்தில் "எங்கள் வருமானத்தில் இத்தனை சதவீதம் முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது" என்று ஒரு வரி இருந்தால், அந்த எண் வரும் எல்லாப் பக்கத்திலும் தசமப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரக் காகிதமும் வேண்டும். தாக்கலுக்கு முந்தைய இரவுகளில் வக்கீல்கள், ஆடிட்டர்கள், கம்பெனி ஆட்கள், நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து எண் எண்ணாக டிக் போட்டுக்கொண்டு போவோம். ஒரு முறை ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திறன் ஓர் அட்டவணையில் டன்னிலும் இன்னொன்றில் கிலோவிலும் இருந்ததை நள்ளிரவு தாண்டித்தான் பிடித்தோம், விடிவதற்குள் அது வந்த எல்லா இடத்தையும் திருத்தினோம். ஜூனியராகச் சேர்ந்த முதல் சில வருடம் எக்செல், பவர்பாயின்ட், இந்த மாதிரி சரிபார்ப்பு, இவைதான். சம்பளம் நல்ல சம்பளம், நேரம் கடுமையான நேரம். இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

இந்த டிக் போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால் சிஏ ஆர்ட்டிகல்ஷிப்பில் (சிஏ படிக்கும்போது ஓர் ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) இருந்து. ஸ்பின்னிங் மில் குடோனில் பஞ்சு பேல்களை ஒவ்வொன்றாக எண்ணி, பேலில் எழுதியிருக்கும் லாட் நம்பரை ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டும். அப்போது சலிப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) "சரக்கிருப்பு" என்று ஒரே வரியில் இருப்பது நிஜத்தில் என்ன என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். நான் படித்தபோது ஆர்ட்டிகல்ஷிப் மூன்று வருடம், 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடமாகிவிட்டது. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன், பிறகு இன்டர், ஆர்ட்டிகல்ஷிப், ஃபைனல். தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், அந்தத் தாள்கள் அடங்கிய குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும் என்பது இன்டரிலும் ஃபைனலிலும் பலரை மறுபடி மறுபடி எழுத வைக்கும் விதி. ஆனால் செலவு என்று பார்த்தால் இதைவிடக் குறைவான வழி எனக்குத் தெரிந்து கிடையாது, எங்கள் வீட்டு வருமானத்துக்கு அதுதான் கட்டுப்படியானது.

இன்னொரு வழி எம்பிஏ. மும்பையில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் நிறைய பேர் ஐஐஎம்மில் இருந்து வந்தவர்கள். முதல் வருடத்திலேயே சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு நடந்துவிடும், அந்த இன்டர்ன்ஷிப்பை நன்றாக முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை உறுதியாவதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது: ஐஐஎம் அகமதாபாத் போன்ற இடங்களில் நேர்காணலுக்கு அழைக்கும்போது கேட் (எம்பிஏ நுழைவுத்தேர்வு) மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் புள்ளி போடுகிறார்கள். ஆக, பதினைந்து வயதில் வாங்கிய மார்க் இருபத்தி மூன்று வயதில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். "ஸ்கூல் மார்க் எல்லாம் அப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் இந்தத் துறையைப் பொறுத்தவரை அதைக் காதில் வாங்காதீர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் நேராக ஐஐஎம்முக்குள் போகும் வழியும் இருக்கிறது. இந்தூர் ஐஐஎம் 2011-இல் ஐந்து வருடப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது, ரோத்தக்கிலும் இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு. கட்டணம் அதிகம், கல்விக் கடன் கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்ஆர்சிசி போன்ற கல்லூரிகளுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நம் ஊரில் இந்தத் தேர்வுகளின் அறிவிப்பு பல பள்ளிகளின் நோட்டீஸ் போர்டுக்கு வருவதே இல்லை, பிளஸ் டூ தொடங்கும்போதே நீங்களாகத் தேடி தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இன்றைக்கும் வருத்தம் தரும் விஷயம் அது. கணக்கில் கெட்டியான எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய அமெரிக்க வங்கிகளின் பெங்களூரு அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டால் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி டெக்னாலஜி, ஆபரேஷன்ஸ், ரிஸ்க் போன்ற வேலைகள். நல்ல வேலைகள்தான், ஆனால் ஐபிஓ நடத்தும் டீம் வேறு, அந்த டீம்கள் பெரும்பாலும் மும்பையில் இருக்கின்றன. ஆஃபர் லெட்டரில் வங்கியின் பெயரை விட்டுவிட்டு எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

சரி, நேர்காணலில் என்ன கேட்பார்கள்? என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன்: தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்து பழசாகி மதிப்பு குறைவதைச் செலவாக எழுதுவது) 10 ரூபாய் கூடினால் லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்ட அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று நிதிநிலை அறிக்கைகளிலும் என்ன நடக்கும்? வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 மிச்சமாகும், எனவே நிகர லாபம் 7.50 குறையும். தேய்மானத்துக்காகக் கையில் இருந்து காசு எதுவும் போகவில்லை, அதனால் ரொக்க ஓட்டத்தில் 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.50 கூடியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்து 10 குறைந்து ரொக்கம் 2.50 கூடினால் சொத்துப் பக்கம் 7.50 குறைவு, மறுபக்கம் தக்கவைத்த லாபமும் (கம்பெனியிலேயே விட்டுவைத்த லாபம்) அதே 7.50 குறைவு. தட்டு சமம். உலகம் முழுக்க இந்தத் துறை நேர்காணல்களில் கேட்கப்படும் கேள்வி இது, பிளஸ் டூ கணக்குப்பதிவியலை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஷேர் கேள்விக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ கணக்கு திறந்து ஆப்ஷன் விளையாடுவது எந்த நேர்காணலிலும் உங்களுக்கு உதவாது. அதற்குப் பதிலாக செபி தளத்துக்குப் போங்கள், டிஆர்எச்பிகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த கம்பெனியில் தொடங்குங்கள். சென்னையில் தலைமையகம் உள்ள மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஸ்டார் ஹெல்த் 2021 டிசம்பரில் ஐபிஓ வந்தது, ஒரு பங்கு 870 முதல் 900 ரூபாய். பெரிய முதலீட்டாளர்கள் பின்னால் இருந்தும் விற்பனைக்கு வைத்த பங்குகள் முழுவதும் போகவில்லை, அளவைக் குறைக்க வேண்டி வந்தது. ஏன்? அதன் ஆவணத்தை எடுத்து, கொரோனா காலத்தில் வந்த கிளெய்ம்கள் லாபத்தை என்ன செய்தன என்று பாருங்கள், விலை எந்த அடிப்படையில் வைக்கப்பட்டது என்ற பகுதியைப் படியுங்கள், அப்புறம் உங்கள் பதிலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு கம்பெனி போதும். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுத வந்ததும் இப்படி ஆண்டறிக்கைகளைப் படித்துப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்ததால்தான், எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் அதைத் தரவில்லை.

சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டவர்களுக்குக் கதவு ஒன்றும் மூடிவிடவில்லை. இன்ஜினியரிங் முடித்து எம்பிஏ வழியாக வந்தவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து கல்லூரி திறப்பதற்குள் கிடைக்கும் விடுமுறையில் பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுத்து, பேரேட்டில் இருந்து இறுதிக் கணக்கு வரை பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கலைச்சொல் பிரச்சினையும் தீரும். இறுதிக் கணக்குகளில் சரிக்கட்டுதல் (அட்ஜஸ்ட்மென்ட்) வரும் பாடத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மேலே சொன்ன தேய்மானக் கேள்விக்கு அடிப்படை அதில்தான் இருக்கிறது.