வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் காற்றை அளக்க வருகிற இளங்கலை மாணவர்களுக்கு

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யூரேக்கா திட்டமோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யுஆர்ஓபிஎஸ் திட்டமோ, இளங்கலை ஆய்வுத் திட்டம் எதுவானாலும், சுற்றுப்புறச் சுகாதார ஆய்வுக்கு வரும் பலர் முதலில் கேட்பது “எத்தனை வீடு அளக்கலாம்?” என்றுதான். அதற்கு முன்னால் வடிதாளில் எவ்வளவு தூசி சேரும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். பல திட்டங்கள் இந்தக் கணக்கைப் போடாததால்தான் கடைசி மாதத்தில் சரிகின்றன.

சாம்பிராணி, ஊதுவத்தி, தாளிப்புப் புகை எல்லாம் சேரும் ஒரு வீட்டில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள், அளப்பதாக வைத்துக்கொள்வோம். 37 மில்லிமீட்டர் டெஃப்லான் வடிதாள், நிமிடத்துக்கு 1.5 லிட்டர் இழுக்கும் பம்ப், 8 மணி நேரம். உள்ளே போகும் காற்று 0.72 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் துகள் இருந்தால் தாளில் சேர்வது 14.4 மைக்ரோகிராம். காற்று இழுக்காமல் களத்துக்குப் போய்த் திரும்பும் வெற்றுத் தாள்களின் எடை மாற்றத்தில் திட்ட விலக்கம் (எண்கள் சிதறும் அளவு) 5 மைக்ரோகிராம் என்றால், கண்டறியும் எல்லை அதன் மூன்று மடங்கு, 15. அதாவது அந்த அளவீட்டை நம்பி எதுவும் சொல்ல முடியாது. அதே பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 43 மைக்ரோகிராம் சேரும். 4 லிட்டர் பம்ப் என்றால் 115. துகளின் அளவைப் பிரிக்கும் முகப்பு எந்த ஓட்டத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அதில்தான் ஓட்ட வேண்டும். நம் வசதிக்குப் பம்பைக் கூட்டினால் பிடிபடுவது பிஎம் 2.5 ஆக இருக்காது.

எடையிடும் அறைதான் பயிற்சியின் நெஞ்சுப் பகுதி. 20 முதல் 23 டிகிரி வெப்பம், 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம், குறைந்தது 24 மணி நேரம் தாள் அங்கேயே இருக்க வேண்டும், மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும். இரவில் குளிரூட்டி நின்றுபோகும் அறை இதற்கு உதவாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறிவிடும். டெஃப்லானில் நிலைமின்சாரம் தேங்கி எடை ஆடிக்கொண்டே இருக்கும்; நிலைமின்சார நீக்கியைக் காட்டிய பிறகே தராசில் வையுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை உடனே திறந்தால் தாளில் நீர் படியும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பத்துத் தாளுக்கு ஒரு வெற்றுத் தாளாவது கட்டாயம். பம்பின் ஓட்டத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து, வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.

மலிவான ஒளிச்சிதறல் உணரிகள் நேரப்போக்கைக் காட்ட அருமையானவை. ஆனால் ஈரக் காற்றில் துகள்கள் நீர் உறிஞ்சிப் பருத்துவிடும், உணரி கூடுதலாகக் காட்டும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இது சின்ன விஷயம் இல்லை. வடிதாள் மாதிரியின் பக்கத்திலேயே வைத்து ஓட்டித் திருத்தக் கெழு எடுக்காமல் உணரி எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

வெளிக்காற்றுக்குத் தேசிய சுற்றுப்புற வாரியம் ஐந்து வட்டாரங்களுக்கு மணிக்கொரு முறை தரும் பிஎம் 2.5 அளவை எடுத்துக்கொள்ளலாம். அதையும் 24 மணி நேரப் பிஎஸ்ஐ என்ற காற்று மாசுக் குறியீட்டையும் குழப்புவது அடிக்கடி பார்க்கும் தவறு. பிஎஸ்ஐ 100 என்பது பிஎம் 2.5 கணக்கில் 55 மைக்ரோகிராம். இரண்டும் வேறு அளவுகோல். 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரப் பிஎஸ்ஐ 401 வரை போனது. அப்படிப் புகைமூட்டம் வந்தால் ஊதுவத்திப் புகை அதில் கரைந்து தெரியாமல் போகும். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் தப்பிக்கலாம். சீனர்களின் ஏழாம் மாதக் காணிக்கைத் தாள் எரிப்பு, தீபாவளி, சன்னல் திறந்த நேரம் எல்லாம் களக்குறிப்பில் ஏறட்டும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வராமல் ஒரு கதவையும் தட்டக் கூடாது. இங்கே 21 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பெற்றோர் சம்மதமும் தேவைப்படும். தமிழ்ச் சம்மதப் படிவத்தை மூத்தோர் ஒருவர் சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். பொது நடைபாதையில் கருவி வைக்க நகர மன்றத்தின் அனுமதி கேளுங்கள். பம்பின் இரைச்சல் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். ஒலித்தடுப்புப் பெட்டியில் காற்றோட்டத் துளை இல்லாவிட்டால் பம்ப் சூடாகி நின்றுவிடும்.

பகுப்பாய்வில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஐந்து வீட்டில் மும்மூன்று நாள் அளந்தால் அவை 15 தனித்தனி மாதிரிகள் ஆகிவிடாது; ஒரே வீட்டின் நாட்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வீட்டைத் தனிக் காரணியாகக் கொள்ளும் கலப்பு மாதிரியுரு (mixed model) என்ற புள்ளியியல் முறை வேண்டும்.

முடிவை வீட்டுக்காரர்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: அவர்கள் வீட்டு அளவு, உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்பான 15 மைக்ரோகிராம், எந்த நேரத்தில் சன்னல் திறந்தால் குறைந்தது என்பது. அந்தத் தாளையும் தொடக்க விண்ணப்பத்தோடே நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு சேர்த்தால் திருத்த விண்ணப்பம் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.