பழைய ரிக்கைத் தூசி தட்டும் முன் ஒரு டெல்டா கணக்கு

பிட்காயின் விலை ஏறினால் நம்ம பக்கம் இரண்டு வேலை நடக்கும். 2021-ல் வாங்கி மாடி அறையில் மூடிவைத்த மைனிங் ரிக்கை, அதாவது கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் கருவியை, சிலர் கீழே இறக்குவார்கள். சிலர் பழைய போன், பழைய டைரி என்று தேடி அப்போது போட்ட வாலட் (நாணயத்தின் சாவியை வைத்திருக்கும் செயலி) எங்கே என்று பார்ப்பார்கள். இதில் காசு தேற வாய்ப்புள்ளது இரண்டாவது வேலைதான். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

வாலட்டின் சாவியான 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் (இதுதான் சீட்) எழுதிய தாள் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதைப் புது வாலட்டில் ஏற்றியதும் இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரே சீடிலிருந்து பல கணக்குப் பாதைகள் பிரிகின்றன. 1 என்று தொடங்கும் பழைய முகவரிகள் 44-ஆம் பாதையில் இருக்கும். 3 என்று தொடங்குபவை 49-ல், பிசி1கியூ என்று தொடங்குபவை 84-ல், பிசி1பி என்று தொடங்குபவை 86-ல். பழைய வாலட் 44-ல் போட்டுவைத்ததை, புது வாலட் 84-ல் மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரிக்கும். பாதையை நாமே தேர்ந்தெடுக்க விடும் ஸ்பாரோ போன்ற வாலட்டில் நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எலெக்ட்ரம் என்ற வாலட் கொடுத்த சீட் வேறு வகை. அதை எலெக்ட்ரத்தில் திறப்பதே நல்லது, மற்ற பல வாலட்டுகள் 'சீட் தவறு' என்றே சொல்லும். அந்தக் காலத்து எலெக்ட்ரம் கணினியிலேயே கிடந்தால் அதைத் திறக்காதீர்கள். 3.3.4-க்கு முந்தைய பதிப்புகளில் போலி சர்வர்கள் 'அப்டேட் செய்யவும்' என்று செய்தி காட்டி, திருட்டு மென்பொருளை இறக்கவைத்தன. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள்.

கையில் இருப்பது பிட்காயின் கோர் என்ற மென்பொருளின் வாலட் கோப்பு என்றால், தொடும் முன் இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டுடிஸ்கில் இடம் இல்லாதவர்கள் பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) அழித்துக்கொண்டே போகும் ப்ரூன் முறையில் ஓட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் வாலட் கோப்பை ஆரம்பத்திலேயே ஏற்றிவிட்டுத்தான் பிளாக்குகளை இறக்கத் தொடங்க வேண்டும். எல்லாம் இறங்கி, பழைய பிளாக்குகள் அழிந்த பிறகு ஏற்றினால், அந்தக் காலத்துப் பரிவர்த்தனைகளைத் திரும்பிப் பார்க்க வழியில்லாமல் முதலிலிருந்து இறக்கவேண்டி வரும். டெலிகிராமில் 'வாலட் மீட்டுத் தருகிறோம், சீடை அனுப்புங்கள்' என்பவன் யாராக இருந்தாலும் திருடன்தான். இதில் விதிவிலக்கே கிடையாது.

இனி மைனிங். கிராஃபிக்ஸ் கார்டு ரிக்குக்கு முக்கியச் சோறு போட்டது எத்தீரியம் என்ற நாணயம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அது மைனிங் முறையையே விட்டுவிட்டது. ரேவன்காயின், எத்தீரியம் கிளாசிக் என்று மிச்சமிருக்கும் சில்லறை நாணயங்கள் நம்ம ஊர் கரண்ட் பில்லைக் கட்டாது. கார்டுகளைச் சுத்தம் செய்து, கேம் ஆடும் பையன்களுக்கு விற்றுவிடுவது உத்தமம்.

ஆசிக், அதாவது மைனிங்குக்கென்றே செய்த மெஷின் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் நடந்த ஹாவிங்குக்குப் (பரிசு பாதியாகும் நிகழ்வு) பிறகு ஒரு பிளாக்குக்குப் பரிசு 3.125 பிட்காயின். நாளுக்குச் சராசரியாக 144 பிளாக், ஆக மொத்தம் 450 பிட்காயின். நெட்வொர்க்கின் மொத்த ஹாஷ்ரேட் (கணக்குப் போடும் வேகம்) 2025-ல் 1000 எக்ஸாஹாஷைத் தொட்டது (ஒரு எக்ஸாஹாஷ் 10 லட்சம் டெராஹாஷ்). அதையே வைத்துக்கொள்வோம். 110 டெராஹாஷ் ஓடும் எஸ்19 ப்ரோவுக்கு இதில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் பங்கு சுமார் 4950 சடோஷி (ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி). ஒரு பிட்காயின் 1 கோடி ரூபாய் என்று வைத்தால் 495 ரூபாய். மெஷின் இழுப்பது 3250 வாட், நாளுக்கு 78 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட்டைத் தாண்டினால், 2024 ஜூலை கட்டணப்படி யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. அப்படியென்றால் நாளுக்கு 920 ரூபாய் செலவழித்து 495 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். 60 நாளுக்கு 4680 யூனிட். 100 யூனிட் இலவசம், கீழ் அடுக்குச் சலுகை எல்லாம் கழித்தும் ஈபி கார்டில் 50,000 ரூபாய்க்கு மேல் எழுதுவார்கள்.

பழைய எஸ்9 இன்னும் மோசம். 13.5 டெராஹாஷுக்கு 1300 வாட்டுக்கு மேல் இழுக்கும். வரவு 60 ரூபாய், கரண்ட் 370 ரூபாய். புது எஸ்21 ஏறக்குறைய முட்டிக்கொள்ளும்: 200 டெராஹாஷ், 3500 வாட், வரவு 900, செலவு 990. விலை இரட்டிப்பானால் லாபம்தானே என்று தோன்றும். விலை ஏறினால் உலகம் முழுக்க மெஷின்கள் கூடும், டிஃபிகல்ட்டி (மைனிங்கின் கடினம்) ஏறும், உங்கள் சடோஷி குறையும். அந்த 920 ரூபாய்க்கு நேரடியாகப் பிட்காயின் வாங்கினால் இன்றே 9200 சடோஷி கையில் இருக்கும்.

இந்த இடத்தில் டெல்டாக்காரர் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும்: வயலில் பம்ப் செட்டுக்கு இலவச கரண்ட் இருக்கிறதே! வேண்டாம். விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டப்படி அனுமதியில்லாத பயன்பாடு. இரட்டிப்புக் கட்டணம் விதிக்கலாம், திருட்டு வழக்காகவும் போகலாம். பம்ப் ஓடாத மாதத்தில் நாள் முழுக்க 14 ஆம்பியர் இழுக்கும் கொட்டகை யார் கண்ணிலும் படாமல் போகாது. வீட்டு இணைப்பிலும் தொழிலுக்கென்று ஓட்டினால் கட்டணப் பிரிவு மாறவேண்டும், அனுமதிக்கப்பட்ட லோடையும் ஏற்றவேண்டும்.

சோலார்? 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தந்தால் நல்லது. 78 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 20 கிலோவாட் வேண்டும், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதியாகும். மானியத்தில் 3 கிலோவாட் போட்டவர்கள் அந்த 12 யூனிட்டில் வீட்டு பில்லைக் குறைத்துக்கொள்வதுதான் லாபம்.

ஆசைக்காக ஒன்று ஓடட்டும் என்றால் பிட்ஆக்ஸ் காமா என்ற குட்டி மெஷின் போதும். 1.2 டெராஹாஷ், 18 வாட், இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். 5 வோல்ட் அடாப்டர் குறைந்தது 5 ஆம்பியர் தரவேண்டும். போன் சார்ஜரில் மாட்டினால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் இணையும், ரூட்டரில் இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்தால் பிரித்துவிடுங்கள். தனியாகப் பிளாக் அடிக்க வாய்ப்பு, மேலே சொன்ன ஹாஷ்ரேட்டில், சராசரியாகச் சுமார் 16,000 ஆண்டுக்கு ஒரு முறை. கல்லணையே சுமார் 2000 ஆண்டுப் பழசு.

இவ்வளவும் படித்த பிறகும் பெரிய மெஷினை ஓட்டுவேன் என்பவர்கள் வயரிங்கில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. டிபி பெட்டியிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி. எஸ்19-க்கு இரண்டு பவர் கார்டு உண்டு. இரண்டையும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்டில் மாட்டுங்கள். ஒரே மல்டிபிளக்கில் மாட்டினால் பிளாஸ்டிக் இளகி, பின் கருகி, வாசனை வந்த பிறகுதான் தெரியும். நடவுக் காலத்தில் பம்ப் செட்டுகள் ஒன்றாக ஓடும்போது லைனில் வோல்டேஜ் இறங்கும். எஸ்19-ன் பவர் சப்ளைக்கு 200 முதல் 240 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் நின்று நின்று கிளம்பும், அந்த அடிதான் போர்டைத் தின்னும். 5 கேவிஏ ஸ்டெபிலைசர் இல்லாமல் கிராமத்து லைனில் போடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள்.

பல ஆண்டு சும்மா கிடந்த மெஷினை நேராக ஸ்விட்ச் போடக் கூடாது. ஓடும் மெஷினின் சூடு ஈரத்தை அண்டவிடாது. நிறுத்திவைத்த மெஷினைத்தான் மழைக்காலம் அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. ஹாஷ்போர்டை (சிப்கள் உள்ள பலகையை) வெளியே எடுத்து, கனெக்டர் பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செம்புப் பாத்திரத்துக் களிம்பு மாதிரிப் பச்சை படிந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷை நனைத்துத் தேய்த்து, ஒரு நாள் காயவிடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டால் ஃபேனே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் தள்ளும். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும், விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சியும் ஹீட்சிங்க் இடுக்கில் அடைந்து கெட்டியாகிவிடும். ஃபேன் மேலேயே கொசுவலை கட்டினால் காற்று திணறும். ஜன்னல் முழுவதற்கும் கட்டுங்கள்.

முதலில் ஒரு போர்டை மட்டும் இணைத்து ஓட்டி, கெர்னல் லாக்கில் (மெஷினின் இயக்கப் பதிவில்) சிப் எண்ணிக்கையைப் பாருங்கள். எஸ்9 என்றால் போர்டுக்கு 63 சிப் காட்டவேண்டும், குறைந்தால் அந்தப் போர்டில் கோளாறு. செகண்ட்ஹாண்டில் வாங்கியது என்றால், மெமரி கார்டு வழியாக ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிவிட்டு, ரூட் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஹாஷ்ரேட்டில் ஒரு பகுதியை வேறொருவர் கணக்குக்குத் திருப்பும் வைரஸ் இந்த மெஷின்களில் சகஜம். கார்டு ரிக் ஓட்டுபவர்கள், கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசரைப் பார்க்கவும். ரைசருக்குக் கரண்ட் தரும் சாட்டா இணைப்பு 54 வாட் வரைதான் தாங்கும், கார்டு ஸ்லாட் 75 வாட் வரை கேட்கலாம். தீப்பிடித்த ரிக்குகள் பலவற்றில் இதுதான் கதை. ஆறு பின் உள்ள ரைசர் மட்டும் போடுங்கள்.

வாங்கி விற்பதில் 2021-க்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் வரி. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது. மைனிங் மெஷின், அதன் அடிப்படைச் செலவுகள் வாங்கிய விலையில் சேராது என்று நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. நஷ்டத்தையும் லாபத்தோடு கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் 50,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது, வரி மட்டும் 15,600 ரூபாய்.

2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) வேறு. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் பிடிப்பார்கள். முழு முதலையும் நாளுக்கு ஒரு தடவை விற்று வாங்கினால், விலை அசையாவிட்டாலும் 30 நாளில் முதலில் 26 சதவீதம் டிடிஎஸ்ஸில் போய் முடங்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவு வைக்கலாம், அதுவரை கைக்கு வராது. தினமும் ட்ரேடிங் செய்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்பது என் கருத்து. நிதி உளவுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சில் (நாணயம் வாங்கி விற்கும் தளத்தில்) வாங்கி, பரிவர்த்தனைக் கோப்பை மாதாமாதம் இறக்கிவைத்து, ஆடிட்டரிடம் விடிஏ (மெய்நிகர் சொத்து) அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள்.

பி2பி-யில் (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனையில்) டாலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிடி நாணயத்தை விற்றால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று போகிறவர்கள் கவனம். வாங்குபவன் அனுப்பும் பணம் எங்கோ ஒரு சைபர் மோசடியில் பறித்ததாக இருந்தால், ஏமாந்தவர் உதவி எண் 1930-க்குப் புகார் சொன்னதும் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கும். எந்த மாநிலத்துக் காவல் நிலையம் என்று கண்டுபிடிக்கவே வாரங்கள் ஆகும். வாங்குபவனின் கேஒய்சி பெயரும் அனுப்பும் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பி ஆர்டரை ரத்து செய்யுங்கள். சம்பளமோ நகைக்கடனோ இருக்கும் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

வாங்கியதை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்காதீர்கள். 2024 ஜூலை 18-ஆம் தேதி வஸிர்எக்ஸில் திருடுபோனது 23 கோடி டாலருக்கு மேல். அதற்கு முந்தைய நாள்வரை அதுவும் நாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றுதான். சில ஆயிரம் ரூபாய்க்குப் போன் வாலட் போதும். லட்சத்தைத் தாண்டினால் ட்ரெசர், லெட்ஜர் போல ஒரு ஹார்டுவேர் வாலட் (சாவியை வைக்கும் தனிக் கருவி) வாங்குங்கள், தயாரிப்பாளரிடமோ அவர்கள் பட்டியலிட்ட விற்பனையாளரிடமோ மட்டும். பெட்டிக்குள்ளேயே சீட் அச்சடித்து வந்தால் அது பொறி. சீடைக் கருவிதான் உங்கள் கண்ணெதிரே உருவாக்கவேண்டும். சிறு தொகை அனுப்பி, கருவியை முழுதாக அழித்து, எழுதிய சொற்களை வைத்து மீட்டு, பணம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பெரிய தொகை. யூஎஸ்டிடி எடுக்கும்போது எந்த நெட்வொர்க் என்று இரண்டு தடவை பாருங்கள். ட்ரான் என்றால் திரும்ப அனுப்பக் கட்டணமாகக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (ட்ரானின் சொந்த நாணயம்) வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும்.

சீடைத் தாளில் எழுதி பீரோவில் வைத்தால் நம்ம ஊர் ஈரத்தில் மை ஊறும், கரையான் வந்தால் தாளும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துப் போட்ட வீடுகளில் என்ன மிஞ்சியது என்று நாகை, திருவாரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 304 தர எவர்சில்வர் தகடு ஒன்றும், 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றும் ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து அடித்தால் போதும். சீட் சொற்களின் பட்டியலில் உள்ள 2048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது, மூன்றெழுத்துச் சொல்லானால் முழுதாக அடியுங்கள். அடியில் இரும்புப் பட்டை வைத்து, டேப் ஒட்டி வரிசை பிடித்து, ஒரே ஓங்கு ஓங்கினால் எழுத்து ஆழமாக விழும். இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகும், ஈயும் எஃப்பும் குழம்பிவிடும். சொல்லுக்கு முன்னால் வரிசை எண்ணும் வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருகிறார்கள் என்று அங்கே கொண்டுபோகாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள், போன் தானாகவே அதை மேகக் (கிளவுட்) கணக்குக்கு அனுப்பிவிடும்.

இரண்டு தகடு அடித்து, ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் அல்லது வங்கி லாக்கரில். சீடுக்கு மேல் கூடுதல் பாஸ்ஃபிரேஸ் (கடவுச்சொல்) போட்டவர்கள் அதைத் தகட்டோடு வைக்கக் கூடாது, மனதில் மட்டும் வைத்துக்கொண்டாலும் கூடாது. இதில் நாமினி வசதி கிடையாது. எக்ஸ்சேஞ்ச் பெயர், கருவி இருக்கும் இடம், தகடுகள் இருக்கும் இடம், யாரை நம்பிக் கேட்கலாம் என்ற விவரம், இவ்வளவையும் சீட் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, பத்திரக் கோப்பில் பட்டா நகலோடு சேர்த்து வையுங்கள்.